போர்வை எடுக்கப் போனவர்கள்

சவப்பெட்டியை ஏற்றி, வண்டிக்காரர் கடிவாளத்தைக் கையில் எடுத்த பிறகுதான், வண்டியில் இருந்த தன் அண்ணனைப் பார்த்து ட்ரூசில்லா கத்தினாள்.

"அண்ணே, நில்லு! அண்ணியோட போர்வை எங்க?"

பெட்டிக்குள் கிடந்த கெசையாவுக்கு அவள் நாத்தனார். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் சட்டத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து இருவரும் தைத்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம் என்று ஓஹையோ ஆற்றங்கரையின் அந்தச் சின்ன ஊருக்கே தெரியும்.

"உன் தையல்ல கால் கட்டைவிரல் மாட்டிக்கும்டி. நீ வீட்டுக்குப் போனதும் பிரிச்சுட்டுத்தான் எனக்கு மறுவேலை" என்பாள் கெசையா.

"பிரிங்க அண்ணி, தாராளமா பிரிங்க. உங்களுக்கும் பொழுது போகணுமே" என்பாள் ட்ரூசில்லா.

தான் கடைசியாகத் தைத்த போர்வையைத் தன் பெட்டிமேல் விரிக்க வேண்டும் என்பது கெசையா சொல்லிவிட்டுப் போனது. கெண்டக்கியில் அடிமையாக இருந்த சிறு வயதில் அவள் விரல் தேயத் தைத்த போர்வைக்கு எஜமானியம்மாள் கண்காட்சியில் பரிசு வாங்கினாள், தன் பெயரில். அதனால்தான் இந்தக் கடைசிப் போர்வையின் ஓரத்தில் சிவப்பு நூலால் 'கெசையா டாலிவர்' என்று ஒரு முழ நீளத்துக்குத் தைத்து வைத்திருந்தாள். வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் போனபோதும் அதே அளவில் கையெழுத்துப் போட்டதால் குமாஸ்தா பக்கத்தையே திருப்ப வேண்டி வந்ததாம். ட்ரூசில்லா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

பெண்கள் முதல்முறையாக ஓட்டுப் போடும் தேர்தல் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். இருவரும் கைகோத்துப் போவதாக ஏற்பாடு. கெசையா சனிக்கிழமையே கண்ணை மூடிவிட்டாள். அவள் கணவர் ஆமோஸ், அடக்கத்தையும் அதே செவ்வாய் மதியத்துக்கு வைத்துவிட்டார். கல்லறை மலைமேல். ஏறி, பாடி, இறங்கி, சாப்பிட்டு எழுவதற்குள் சாவடியை மூடிவிடுவார்கள்.

"துக்க வீட்டுப் பொம்பளைக்கு என்ன ஓட்டு? தேர்தல் நாலு வருஷத்துல திரும்ப வரும்" என்று முந்தின நாளே தங்கையிடம் சொல்லியிருந்தார்.

"தேர்தல் வரும் அண்ணே. நான் வரணுமே!"

இப்போது வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். "போர்வை எங்கடி?"

"பள்ளிக்கூடத்துல."

"அங்க எதுக்குப் போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? போற வழிதானே, எடுத்துக்கிட்டா போச்சு."

அந்தப் பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி. விடியுமுன் கக்கத்தில் மூட்டையோடு ட்ரூசில்லா அந்தப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. கோழிக்குத் தீனி போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டா போட முடியும்?

பள்ளிக்கூட வாசலில் ஊர்வலம் நின்றது. ட்ரூசில்லாவுக்கு முன்னால் பாதிரியார் மனைவி உள்ளே போனாள். பின்னாலேயே கறுப்புத் தொப்பி வைத்த பெண்கள் அத்தனை பேரும்.

"நீங்கல்லாம் எங்க?" என்றார் ஆமோஸ்.

"பெரிய போர்வை அண்ணே!"

உள்ளே ஓட்டுச்சீட்டில் ட்ரூசில்லா அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது. இன்னொன்று வாங்கி, அதையும் விட்டுவைக்காத மாதிரி அழுத்தினாள். யாரோ சிரித்தார்கள், துக்கம் மறந்து எல்லாரும் சிரித்தார்கள். வெளியே குதிரை பள்ளிக்கூட வேலிச்செடியில் பாதியைத் தின்றுவிட்டது.

பொறுக்கமாட்டாமல் ஆமோஸே இறங்கி வந்தார். "ஒரு போர்வையைத் தூக்க எத்தனை பேருடி?"

"பெரியவரே, வரிசை அங்க முடியுது" என்றாள் பாதிரியார் மனைவி.

வாலிப வயதிலிருந்து ஓட்டுப் போடுகிறவர். ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்று போட்டதில்லை. தொப்பியைக் கழற்றினார், வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, போர்வை ட்ரூசில்லாவின் ஒற்றைக் கையில் அடங்கியிருந்தது.

பெட்டிமேல் விரித்தார்கள். அண்ணி பிரித்த தடம் தெரியுமே என்று ட்ரூசில்லா, தான் தைத்த ஓரத்தை ஊர் பார்க்குமுன் உட்பக்கமாக மடித்துவிடக் குனிந்தாள். அங்கே சிவப்புப் பெயரை ஒட்டியே கோணலும் மாணலுமாக ஓடின அவளுடைய தையல்கள், கட்டைவிரல் மாட்டும் அளவில். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"வாடி, நேரமாகுது" என்றார் ஆமோஸ்.

அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, ட்ரூசில்லா வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.