தொண்ணூற்றில் ஒரு நூறு

சுண்டெலி என்று எல்லாரும் கூப்பிடும் அந்தச் சிறுமிக்கு அன்று காலை தலைமை ஆசிரியையின் அறையில் சோதனை. அவர் சொல்லும் எண்களை இவள் எழுத வேண்டும். பிசகினால் மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஏற்கெனவே வாய் நீண்ட பயல். அப்புறம் வீட்டில் அவள் தலைகாட்ட முடியுமா?

பக்கத்தில் அப்பாக்காரர் நின்றார். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் வண்டி எண்களைச் சொல்வது அவர் வேலை. தன் அறிவிப்பைக் கேட்டு ஒருவர்கூட வண்டி மாறி ஏறியதில்லை என்று பீற்றிக்கொள்வார். அந்தக் குரலையே வீட்டுக்கும் கொண்டுவந்து, மாதக்கணக்கில் மகளுக்கு எண்களைச் சொல்லி எழுத வைத்தார். "சொல்றத நல்லா காதுல வாங்கு! வாங்கினத அப்படியே எழுது!" என்று கத்துவார். அவர் கத்தக் கத்த அவள் பென்சிலை அழுத்துவாள். தாள் கிழியும். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லிக்கொடுக்கிறவரின் லட்சணம் அது.

"முப்பத்தாறு," என்றார் தலைமை ஆசிரியை.

36. கோழிக் கிறுக்கல்தான், ஆனால் சரி.

"எண்ணூறு."

800. அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"தொண்ணூறு."

சுண்டெலி உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கவனமாக எழுதினாள்: 900.

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் சொன்னேன்."

"எத்தன தடவடீ..." அப்பாவின் கை தானாக ஓங்கிவிட்டது. எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. சுண்டெலி பென்சிலோடு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். யோசிக்கவே இல்லை, பழகிய வேகம். அந்த வேகம்தான் அவரைச் சுட்டது. கையை இறக்கினார். தலைமை ஆசிரியை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏம்மா அப்படி எழுதின?" இத்தனை மாதத்தில் அப்பா கேட்காத கேள்வி.

"மொதல்ல நீங்க கையக் கட்டிக்குங்கப்பா. அப்பத்தான் சொல்வேன்."

ஒலிபெருக்கிக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"எண்ணூறுல நூறு இருக்கு. எட்டு போட்டு ரெண்டு சைபர் போட்டேன். அது சரின்னீங்க. தொண்ணூறுலயும் நூறு இருக்கே? ரெண்டும் ஒரே மாதிரிதான கேக்குது? காதுல விழுந்தத அப்படியே எழுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எண்பது, எண்ணூறு, தொண்ணூறு..." தலைமை ஆசிரியை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அட, ஆமா."

அப்பாவின் குரல் உள்ளே போய்விட்டது. "அந்த வார்த்த பொய் சொல்லுதும்மா. எண்பதுக்கு அடுத்த பத்துக்குத்தான் அந்தப் பேரு. அதுல நூறு இல்ல."

"அப்ப தொள்ளாயிரம்?"

"அதுவும் பொய்தான். அதுல ஆயிரம் இல்ல. எண்ணூறுக்கு அடுத்த நூறு அது."

"அப்ப நான் தப்பா கேக்கலயா?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் கேட்ட. நாந்தான் உன்னக் கேக்கவே இல்ல."

"தொண்ணூத்தி மூணு," என்றார் தலைமை ஆசிரியை, மெதுவாக.

சுண்டெலி அப்பாவின் கட்டிய கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எழுதினாள். ஒன்பதும் மூன்றும் வந்தன, மூன்று மட்டும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. தாள் கிழியவில்லை.

"மூணத் திருப்பிக்கலாம் சார். இவ இதே வகுப்புல இருக்கட்டும்."

வராந்தா முழுக்க அப்பா கட்டிய கையைப் பிரிக்காமலே நடந்தார். எதிரில் வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு வாசலில் சுண்டெலியே, "இப்ப கையப் பிரிச்சுக்கலாம்ப்பா," என்றாள்.

தலையைத் தடவிக்கொடுக்க அவர் கை நீண்டது. சிரித்துக்கொண்டேதான் நின்றாள் அவள். கழுத்து மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது.