திக்கும் ரம்பம்

எந்திர ரம்பம் உயிர்பெற்றது. விசையை அழுத்தியதும் இருமி அடங்கியது. இது ஐந்தாம் முறை.

"அழுத்தினா செத்துப்போகுது, அண்ணி..." என்ற கொழுந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரம்பத்தைத்தானே சொன்ன? சொல்லு தம்பி."

அவள் கணவர் இறந்து இருபது நாளாகியிருந்தது. புயலில் முறிந்த பெருங்கிளையொன்று மாமனார் படுத்திருந்த அறையின் கூரைமேல் தொங்கியது. இடுப்பெலும்பு முறிந்தவரை அசைக்கவே கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாலையில் மறுபடியும் காற்று வருமாம். இருந்ததோ இந்த ஒரே ரம்பம்.

கணவர் நோயில் கிடந்த நான்கு மாதமும் ரம்பத்தின் தொட்டியில் கிடந்து கெட்டிருந்த பெட்ரோலை அவள் வடித்தாள். எண்ணெய் கலந்த புதுப் பெட்ரோல் ஊற்றினாள். ஏர் ஃபில்டரைத் தட்டிக் கழுவி உலர்த்தினாள். ஒவ்வொன்றையும் கை செய்தது. அவள் வேறெங்கோ இருந்தாள்.

கார்புரேட்டரின் மெதுவேகத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் ரம்பம் அணையாமல் வேகமெடுத்தது. ஆனால் முழுவேகத்தில் கீச்சென்று கிறீச்சிட்டது.

அறைக்குள்ளிருந்து மாமனார் கேட்டார்: "என்னடா அது, ரம்பமா கொசுவா?"

"பாட்டு மாதிரி சுத்தமாப் பாடுது, அப்பா!" என்றான் கொழுந்தன்.

"முழுவேகத் திருகை நீ தொட்டியா?" என்று அவள் கொழுந்தனைக் கேட்டாள்.

"காலையில ரொம்பத் திக்குச்சு அண்ணி. கொஞ்சம் முறுக்கி விட்டேன்."

கதைகளில் விலங்குகள் பேசும். அந்தப் பேச்சு காட்டில் யாரோ ஒருவனுக்குத்தான் விளங்கும். இந்த வீட்டில் ரம்பத்தின் பேச்சு விளங்கியவர் அவள் கணவர். அவருக்குத் திக்குவாய். தந்தி எந்திரம்போல விட்டுவிட்டுப் பேசுவதால் தெருவே அவரைத் 'தந்தி' என்றழைத்தது. பெற்ற தகப்பனும் அப்படியே அழைத்தார். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

"உங்கண்ணன் சொன்னது மறந்துபோச்சா?" என்றாள். "சும்மா தூக்கிப் பிடிச்சா திக்கணும். மரத்துல வச்சா திக்கு நிக்கணும். சும்மா இருக்கிறப்பவே சுத்தமாப் பாடுச்சுன்னா உள்ள பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். பாதிக் கிளையில பிஸ்டன் உருகிப் பிடிச்சுக்கும்."

கொழுந்தன் தலைகுனிந்தான். "'எ-என்னை மாதிரி'ன்னு அண்ணன் சொல்வான்."

அவள் திருகை இடப்பக்கமாக மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினாள். கீச்சு தணிந்தது. பிறகு, 'பபப்... பப்...' என்று ரம்பம் திக்கத் தொடங்கியது. ஸ்க்ரூடிரைவர் அவள் விரல்களுக்கிடையில் அப்படியே நின்றது.

கொழுந்தன் ஏணியேறிக் கிளையில் கட்டிய கயிற்றை மேல்கொம்பின்மேல் போட்டான்; மறுநுனியை அடிமரத்தில் சுற்றி அவள் பிடித்துக்கொண்டாள். ரம்பம் மரத்தில் பதிந்ததும் திக்கு நின்றது. ஒரே குரலாக அறுத்தது. அவள் கயிற்றைத் தளர்த்த, அதில் தொங்கியபடி கிளை கூரையைத் தொடாமல் விலகி முற்றத்தில் இறங்கியது. அதன்பின் வெறும் காற்றில் ரம்பம் மறுபடியும் திக்கியது. அவன் அணைத்தான்.

உள்ளே, வலி மருந்தின் மயக்கம் கலைந்த மாமனாரின் குரல்: "தந்தி வந்துட்டானா?"

ஏணியிலிருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இல்ல மாமா, ரம்பந்தான்," என்றாள் அவள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

"கொடும்மா," என்றார்.

கையில் பெட்ரோல் நாறியது. சோப்புப் போட்டு இருமுறை கழுவிவிட்டுத் தம்ளரை எடுத்தாள்.