வளைவு இல்லாத குழாய்

கீழ்வீட்டுச் சமையலறை சிங்க்கிலிருந்து கிளம்பிய சாக்கடை நாற்றம் குடலைப் பிடுங்கியது. மாமியார் மட்டும், "நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சாதித்தாள். மூக்கை விற்றுக் காதை வாங்கியவள் அவள்.

மாடியில் மகனும் மருமகளும் தனிச் சமையல். அங்கே பேசுவதெல்லாம் பழைய இரும்புக் குழாய் வழியே இறங்கி இவள் சிங்க்கில் வந்து விழும். ஓட்டைமேல் குனிந்து நின்றால் போதும். யாருக்குத் தலைவலி, யாரோடு யாருக்கு மனத்தாங்கல், எல்லாம் தெரியும். மகனோ வாய் திறந்து எதையும் சொல்பவனில்லை. நாற்றம் என்று ஒப்புக்கொண்டால் குழாயை மாற்றிவிடுவார்கள். குழாயும் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பயம்தான் அவளுக்கு.

கேட்டதை வைத்து அவள் மாடியில் வம்பு வளர்த்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தலைவலி என்று காதில் விழுந்தால் இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, "சும்மாதான் வந்தேன்" என்று படியேறுவாள். வம்பெல்லாம் தங்கையோடு போனில்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே மருமகளைக் கிழி கிழி என்று கிழிப்பாள்.

நாற்றம் பொறுக்காமல் மகன் ஒருநாள் பிளம்பரைக் கூட்டிவந்துவிட்டான். அவர் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நேரா விட்டிருக்காங்கம்மா! வளைவே இல்ல. வளைவுல கொஞ்சம் தண்ணி நின்னாதான் நாத்தம் மேல வராது."

"வேற எதுவும் வராதாப்பா?"

"கரப்பான்கூட வராது."

அவள் முகம் செத்துப்போயிற்று. மதியத்துக்குள் புதுக் குழாய் வளைந்து நின்றது, நாற்றம் போயிற்று. குனிந்து குனிந்து பார்த்தாள். இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் சாயங்காலம் மருமகள் இறங்கி வந்தாள். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என்ன அத்தை, கோவமா? காலையிலேர்ந்து சிங்க்கிட்ட நின்னு தலைவலி தலைவலின்னு கத்துறேன். கஷாயம் வரவே இல்ல."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலிருந்து கீழே வந்த பேச்சு கீழிருந்து மேலேயும் போயிருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தங்கையிடம் சொன்னதெல்லாம் வரிசைகட்டி ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்போ... நான் பேசுனது?"

"ஒண்ணு விடாம" என்றாள் மருமகள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "நேத்துலேர்ந்து ஒரு சத்தமும் இல்ல, வீடே வெறிச்சுனு இருக்கு. இனிமே என்னைத் திட்டணும்னா மேலயே வந்து திட்டுங்க அத்தை."