கால் எழுத்தும் மொட்டை எழுத்தும்

சவப்பெட்டிக் கடையின் இணையதளத்துக்கு எந்த எழுத்தைப் போடுவது என்பதில் அந்த வடிவமைப்பு அலுவலகம் இரண்டு கட்சியாக உடைந்து வாரக்கணக்காகிவிட்டது. முதலாளி செரிஃப் கட்சி. ஓரங்களில் குட்டிக் கால் முளைத்த எழுத்துக்குத்தான் துக்க வீட்டில் மரியாதை என்பார். பாதிப் பங்காளியான அவருடைய மைத்துனன் சான்ஸ் செரிஃப் கட்சி. கால் இல்லாத மொட்டை எழுத்துதான் திரையில் சுத்தமாகத் தெரியும், அழுத கண்ணுக்குக் கால் எதற்கு என்பான். இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள்.

நடுவில் மாட்டியவள் புதிதாகச் சேர்ந்த வடிவமைப்பாளர். எந்நேரமும் கையில் தடித்த புத்தகம் இருப்பதால் எல்லோரும் அவளை 'நாவல்' என்றே கூப்பிட்டார்கள். இன்றைய கூட்டம் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமாகிவிட்டது என்றே அம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தாள்.

இதுவரை ஏதோ ஆங்கில வரிகளை நிரப்பித்தான் இரண்டு மாதிரிகளையும் காட்டியிருந்தாள். சவப்பெட்டிக் கடைக்காரர் தந்த தமிழ் வாசகத்தை இன்று காலைதான் அவற்றில் போட்டாள். இப்போது அவர் முன்னால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் திரையில் நின்றன: இடதில் கால் எழுத்து, வலதில் மொட்டை எழுத்து.

கடைக்காரர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "இடது பக்கம் பார்த்தா அழுகை வருதுங்க. வலது பக்கம் பார்த்தா பில்லு ஞாபகம் வருது."

முதலாளி மீசையைத் தடவினார். மைத்துனன் உதட்டைப் பிதுக்கினான். நாவல் மட்டும் இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். இடதுபக்க 'ழ'வின் சுழியும் வலதுபக்க 'ழ'வின் சுழியும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிச்சயம். ஆனாலும் அந்தச் சுழி அவளை விடவில்லை.

"சார், ரெண்டும் ஒரே எழுத்துதான். நான் எடுத்த ரெண்டு எழுத்து வகையிலயும் தமிழே கிடையாது. கம்ப்யூட்டர் தன்கிட்ட இருந்த தமிழ் எழுத்தையே ரெண்டு பக்கமும் போட்டிருக்கு. நான் கவனிக்கல."

முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மைத்துனன் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தான்.

"அத்தான், இந்தக் 'க'வுல கால் தெரியுது இல்ல?"

"பளிச்சுனு தெரியுதே மாப்ளே."

"அந்தப் பக்கம்?"

"சுத்த மொட்டை. குழந்தைக்குக்கூடத் தெரியும்."

பிறகு முதலாளி அவள் பக்கம் திரும்பி, நோயாளியிடம் பேசும் பரிவோடு சொன்னார்: "இந்தத் தொழிலுக்குக் கண்ணு வேணும்மா. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்." போவதற்குள் பக்கத்தை இணையத்தில் ஏற்றிவிட்டுப் போகச் சொன்னார்.

அதற்குள் உறவு பொங்கிவிட்டது. உங்கள் காலே இருக்கட்டும் என்று மைத்துனன் விட்டுக்கொடுத்தான். சேச்சே, உன் மொட்டையே இருக்கட்டும் என்று முதலாளி அவன் தோளில் கைபோட்டார். கடைக்காரர் இருவரையும் பார்த்துக் கண்கலங்கினார்.

நாவல் கைக்கு வந்த ஒன்றை ஏற்றினாள். எதை ஏற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.