கறுப்புத் தோல்

பாரிஸில், லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் ஏழு வருடமாக மீன் வெட்டுகிறேன். பழைய மீனைப் புது மீன் என்று தலையில் கட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. அதற்காக முதலாளி திட்டாத நாள் குறைவு. அப்படிப்பட்ட நான்தான் ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாக, என் மனைவியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுகிர்தத்துக்கு வயிற்றில் புற்றுநோய். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்வேன். "இன்னும் இரண்டு மாதம்தான்" என்று அவர் சொன்ன அன்று, "அல்சராம், மருந்தோடை மாறீடுமாம்" என்றேன். அவளுடைய நல்லதற்குத்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என்ன நல்லது, வெறும் பயம்.

நாலு நாளாக ஒன்றும் சாப்பிடாதவள், சாவாளை மீன் சொதி கேட்டாள். முல்லைத்தீவில் தகப்பனின் வள்ளத்தில் வரும் சாவாளைக்கு அவளும் அக்கா அற்புதராணியும் ஒருவரோடொருவர் அடிபடுவார்களாம். அக்கா இன்னும் அங்கேதான்.

அந்தக் கிழமை பார்த்துக் கடைக்கு ஊர் மீன் வரவில்லை. பெட்டியில் கிடந்தது வேறொன்று. சாவாளை மாதிரியே நீளம், தட்டை. நிறம் மட்டும் வெள்ளியில்லை, கரிச்சட்டிக் கறுப்பு. வெயில் எட்டாத ஆழத்தில், ஒரு கிலோமீற்றருக்கும் கீழே திரிகிற மீன். பெரிய உருண்டைக் கண், ஊசி ஊசியாய்ப் பல். வயிற்றைக் கீறினால் உள்ளே விரலளவு மீனொன்று, விலாவில் வரிசையாகப் பொட்டுகள். கீழே இருட்டில் அந்தப் பொட்டுகள் விளக்காக எரியுமாம். இப்போது அணைந்து கிடந்தன.

கறுப்புத் தோலை உரித்து, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். வெள்ளைச் சதையைப் பார்த்தால் சாவாளையேதான்.

மத்தியானம் கட்டிலில் நிமிர்த்தி இருத்தி ஊட்டினேன். மூன்று வாய் வாங்கினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இஞ்சாருங்கோ, இது சாவாளை இல்லை."

"சாவாளைதான். இண்டைக்குத்தான் வந்தது."

"சாவாளையெண்டா வாயிலை முள்ளுத் தட்டுப்படும். இதிலை முள்ளும் இல்லை, தோலும் இல்லை. என்ன மீன்?"

வெட்கமாகப் போய்விட்டது. "ஆழ்கடல் மீன். தோல் கறுப்பு. நீர் அருவருப்பீர் எண்டு உரிச்சுப்போட்டன்."

சிரித்தாள். "பொய் சொல்லேக்கை நீங்கள் என்ரை முகத்தைப் பாக்க மாட்டியள். டொக்டர் சொன்னதைச் சொல்லேக்கையும் உங்கடை கால் சப்பாத்தைத்தான் பாத்தனீங்கள். அதையும் தோலை உரிச்சுத்தான் தந்தனீங்கள், என்ன?"

கோப்பையை வைத்துவிட்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டாள். இன்னும் இரண்டு கிழமை என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா," என்றாள் மெதுவாக, "அக்கா விசா எடுத்து வந்திருப்பா."

பிறகு கோப்பையைக் கண்ணால் காட்டி வாயைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே ஊட்டினேன்.