பொய் இருமல்

ஊரார் கழுத்திலெல்லாம் கத்தி வைத்துப் பிழைத்த முடிதிருத்துபவருக்கு, தன் மேல் கத்தி படுவதென்றால் குலை நடுக்கம். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாயிற்று. இன்னொரு முறை அந்த ஆபரேஷன் மேசையில் படுக்கவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

விலாவிலிருந்து ஒரு குழாய், கட்டிலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியது. அவர் இருமினால் அதில் குமிழி கிளம்பும். மூச்சுக்குழாயைத் தைத்த இடத்தில் காற்று கசிகிறது என்று அர்த்தம். கசிவு நிற்காவிட்டால் மறுபடி திறந்து தைத்து, மேலே தசை வைத்து மூட வேண்டும். விட்டால் நெஞ்சுக்குள் சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோய்விடும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

அந்த சர்ஜன் வந்து "இருமுங்க" என்றால் மட்டும் மனுஷன் தொண்டையை லேசாகச் செருமுவார். பாட்டில் சாதுவாக இருக்கும். சர்ஜன் தலை மறைந்ததும் நிஜ இருமல் வரும், பாட்டில் கொப்புளிக்கும். பக்கத்திலிருந்து மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்ல மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு" என்று அவள் வாயை வேறு கட்டிவிட்டார்.

"நல்லாயிருக்கு. குழாயை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று சர்ஜன் இன்று கிளம்பினார். சொன்னால் சத்தியம் போகும்; சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார்.

"ஏங்க, எங்க அண்ணன் போன் பண்ணுச்சு" என்றாள் சட்டென்று. "மீசையைச் சரி பண்ணணுமாம். நீங்கதான் வரணுமாம்."

அண்ணனின் கல்யாணத்தன்று காலையில் அவன் மீசையில் ஒரு பக்கம் இவர் கை தவறி, சமன் செய்யப் போய் மறுபக்கமும் பறந்து, "மாப்பிள்ளை எங்கே?" என்று மணப்பெண்ணே கேட்ட கதை அது. அவர் பல்லைக் கடித்தார். போர்வையைக் கடித்தார். கடைசியில் வெடித்துச் சிரித்தார். பாட்டில் உலைபோல் கொதித்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு சர்ஜன் திரும்பி வந்து, குனிந்து பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க" என்றார் நர்ஸிடம்.

தள்ளுவண்டியில் போகும்போது கணவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தியேட்டர் கதவு வந்ததும் அவள் பக்கம் திரும்பினார். "பாவி, எல்லாம் உன்னாலதான். நான் திரும்பி வரலைன்னா?"

"வந்து என்னைத் திட்டுங்க" என்றாள். "ஆயுசு முழுக்கத் திட்டுங்க, கேட்டுக்கறேன்."

கதவு மூடியது. அதன் முன்னால் நின்று அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.