பின் சீட்டில் பிரேக் கிடையாது

என் அண்ணன் பல் டாக்டர். பொய் சொல்வது அவர் தொழிலில் பாதி. "வலிக்கவே வலிக்காது" என்பார், ஊசி இறங்கும். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்பார், அப்போதுதான் ஆரம்பித்திருப்பார். நோயாளிகள் ஆவென்று வாயைத் திறந்து கிடப்பதால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார் என்பதுதான் என் குறை. என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தபோது, கண் மருத்துவரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்ல பாப்பா, கண்ணு கொஞ்சம் களைச்சுப் போயிருக்கு" என்று சொன்ன மனிதர். நாற்பது வயதைத் தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

நானோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஓட்டப் பழகுபவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, கத்திக் கத்தியே பாதி ஊருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. ஓரமாக வந்த ஒரு மோட்டார் பைக் என் கண்ணில் படாமல் போன அன்றைக்கே, சாவியை எடுத்து உதவியாளர் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது வகுப்பறையில் சாலை விதிகள் மட்டும் எடுக்கிறேன். அந்த வகுப்பில் யாரும் தூங்கியதில்லை, என் தொண்டை அப்படி.

பார்வை போனதில் எனக்கு அதிக எரிச்சல் தருவது இருட்டு அல்ல. எல்லோரும் என்னை ஏற்றி இறக்குவதுதான். காரில் ஏற்றுவார்கள், லிஃப்டில் ஏற்றுவார்கள், படியில் இறக்குவார்கள், ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் டம்ளரைத் திணிப்பார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், அதனால் திட்டவும் முடியாது. ஒரு இடத்துக்கு நானாகப் போனேன் என்று சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது.

அதனால்தான் அந்தச் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். எனக்குக் கைத்தடி பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சி மையத்துக்கு நன்கொடை திரட்ட வருடா வருடம் நடத்துகிறார்கள். இருவர் மிதிக்கும் நீளமான சைக்கிள். முன்னால் பார்வை உள்ளவர், பின்னால் என்னைப் போன்றவர். ஆற்றுப் பாலத்தில் கிளம்பி, கடைத்தெரு வழியாக ஊரைத் தாண்டி, மலை உச்சிப் பூங்காவில் முடியும். முன் சீட்டுக்கு அண்ணன் தானாகவே முன்வந்தார். பின் சீட்டுக்கும் ஹேண்டில் உண்டு, ஆனால் அது திரும்பாது. கியர் கிடையாது. பிரேக் கிடையாது. எனக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

போன வருடம் மலைப்பாதையின் பாதியில் அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டார். "மேல ரோட்டுல மண் சரிஞ்சு கிடக்காம், சைக்கிள் வழுக்குமாம் பாப்பா. எல்லாரையும் வேன்லதான் ஏத்திட்டுப் போறாங்க" என்றார். நம்பினேன். வேனில் ஏறி, உச்சியில் இறங்கி, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் படுக்கையறையில் வைத்து, வருடம் முழுக்க மிதித்தேன். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். இந்த வருடம் உச்சிவரை என் காலால் போய்ச் சேர வேண்டும். அதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்று காலையில் ஊருக்குள் நன்றாகத்தான் போனது. "வலது பக்கம் திரும்பறோம்", "பள்ளம், கெட்டியா பிடிச்சுக்கோ" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே "சின்ன மேடுதான் பாப்பா" என்பார். தொடை கடுக்கும்போதே அது எவ்வளவு சின்ன மேடு என்று எனக்குத் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். மிதிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னாலேயே வரும் வேன் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. இறங்கி வந்த அதன் டிரைவருக்கு வாய் சும்மா இருக்காது.

"டாக்டர் சார், போன வருஷம் மாதிரி தங்கச்சியை ரெண்டாவது வளைவுலயே ஏத்திக்கிடட்டுமா? மத்தவங்க எல்லாம் எப்பவும் போல மேல மிதிச்சுப் போயிடுவாங்க. நான் உங்க பின்னாலயே வந்துடறேன்."

"மண் சரிஞ்சு கிடந்துதே," என்றேன் நான். "மத்தவங்க எப்படி மிதிச்சுப் போனாங்க?"

"மண்ணா? எங்க சரிஞ்சுதும்மா?" என்றவர், யாரோ காலை மிதித்திருக்க வேண்டும், "டயர்ல காத்து பார்த்துட்டு வந்துடறேன்" என்று நழுவிவிட்டார்.

என் கையிலிருந்த பாட்டில் நசுங்கித் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

"உனக்கு ரொம்ப மூச்சு வாங்கிச்சு பாப்பா. உன் நல்லதுக்குத்தான்..."

"மேல எல்லாரும் கைதட்டினாங்க. நான் பெரிய மகாராணி மாதிரி கையாட்டினேன். அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இல்ல?"

அழுதுவிட்டால் மறுபடியும் கையைப் பிடித்து எங்காவது உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் வகுப்பறைக் குரலை எடுத்தேன்.

"இதோ பாரு. நீ பார்க்கிறதைச் சொல்லு, கூட்டாம குறைக்காம. நிக்கிறதா போறதான்னு நான் சொல்றேன். இன்னொரு பொய் வந்துச்சு, நடு ரோட்டுல இறங்கிக் கைத்தடியைத் தட்டிக்கிட்டே நடந்து மேல போவேன். நீ வேன்ல வா."

"சரி பாப்பா."

ஏற ஆரம்பித்தோம். பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? "அந்த வளைவு மட்டும் வந்துட்டா அவ்வளவு..." என்று ஆரம்பித்தவர் மென்று விழுங்கினார். "இல்ல. அதுக்கு அப்புறமும் நிறைய இருக்கு."

"மேடு எப்படி?"

"மோசம்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மோசம் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த மாதிரி மிதிக்கலாம். கியரை எப்போது மாற்றுவது, எங்கே காலை அடக்குவது என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். பக்கத்தில் மணி அடித்துக்கொண்டு ஒவ்வொரு சைக்கிளாகத் தாண்டிப் போனது.

"நம்மளை யாரெல்லாம் முந்திட்டாங்க?"

"எல்லாரும்."

"பின்னால?"

"வேன் மட்டும்தான்."

இரண்டாவது வளைவைத் தாண்டினோம். போன வருடம் இறங்கிய இடம். அதற்குப் பிறகுதான் சைக்கிள் திடீரென்று கனத்தது. இருவர் பெடலும் ஒரே சங்கிலியில் ஓடுவதால் முன்னால் இருப்பவரின் கால் என்ன செய்கிறது என்று பின்னால் இருப்பவருக்குத் தெரியும். முன்னாலிருந்து ஒன்றுமே வரவில்லை.

"அண்ணா, மிதிக்கிறியா?"

"மிதி... இல்ல. கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. உயிர் போகுது."

"எப்ப இருந்து?"

"வளைவுல இருந்தே." மூச்சு வாங்கியது அவருக்கு. "போன வருஷமும் இதே இடம்தான் பாப்பா. முடியாம போனது உனக்கு இல்ல. எனக்கு. கண்ணு தெரிஞ்ச அண்ணன் முன்னால உக்காந்துக்கிட்டு, என்னால முடியலன்னு எப்படிச் சொல்வேன்? அதான், உனக்கு முடியலன்னு வேன்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. என்னால் முடியாமல்தான் வேன் வந்தது என்று அடிவாரத்திலிருந்து என்னையே நொந்துகொண்டு வந்திருந்தேன். கடைசியில் பாவம் என் கால், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

வேன் உரசுகிற மாதிரி பக்கத்தில் வந்தது. "நிறுத்திடட்டுமா டாக்டர்?"

அண்ணன் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டார். "பாப்பா, நீ சொல்லு" என்றார்.

"காலைப் பெடல்ல சும்மா வெச்சிரு, அதுபாட்டுக்குச் சுத்தும். இருக்கிறதிலேயே லேசான கியர் போடு. ஹேண்டிலை நேரா பிடி. மத்தது என் வேலை."

அவர் ஒட்டடைக்குச்சி உடம்புக்காரர். நல்ல சாப்பாட்டை எல்லாம் வேண்டாம் என்று ஒதுக்குகிறாரே என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதற்காகவே நன்றி சொன்னேன். நடந்து போகிறவர் எங்களை முந்தியிருக்கலாம், அந்த வேகம். சைக்கிள் தள்ளாடியது.

"ரோட்டைப் பாரு! தலையைத் திருப்பி என்னைப் பார்க்காதே!"

"எப்படித் தெரியும் உனக்கு?"

"புதுசா ஓட்டறவன் பயந்தா பக்கத்துல இருக்கிறவளைத்தான் பார்ப்பான். நேரா பாரு!"

அவர் பார்த்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இடது பக்கம் கைப்பிடிச் சுவர். வலது பக்கம் பாறை. கடைசி வளைவு, இருப்பதிலேயே செங்குத்து அதுதான். மேலே கொடிகள் தெரிகின்றன, ஆனால் பக்கத்தில் இல்லை. தொடை எரிந்தது, காதுக்குள் ரத்தம் அடித்தது, வியர்வை வாய்க்குள் இறங்கியது. நின்றுவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. நின்றால் வேன் கதவு திறக்கும். அந்தக் கதவு திறக்கிற சத்தத்தைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. மிதித்தேன்.

அப்புறம் பெடல் லேசானது. நான் நம்பவில்லை.

"அண்ணா?"

"மேடு முடிஞ்சுது பாப்பா."

"நிஜமா?"

"நிஜம். சமமான தரை. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க."

அதற்குள் கூச்சல் எனக்கே கேட்டுவிட்டது. விசில், மணி, யாரோ தட்டைத் தட்டும் சத்தம். சைக்கிளிலிருந்து இறங்கியபோது என் கால் தரையில் நிற்கவில்லை, தலைகால் புரியாத சந்தோஷம் வேறு. மைக் பிடித்திருந்தவர் உருகிக்கொண்டிருந்தார்: "கண்ணு தெரியாத தங்கச்சியை இவ்வளவு பெரிய மலை மேல ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கிற இந்தப் பாசமுள்ள அண்ணனுக்கு..."

அண்ணன் நொண்டிக்கொண்டே போய் மைக்கைப் பிடுங்கினார்.

"ஒரு திருத்தம். ரெண்டாவது வளைவுக்கு அப்புறம் நான் ஒரு மிதி கூட மிதிக்கல. காலைப் பெடல்ல வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்து வந்தேன். போன வருஷமும் வேன் எனக்காகத்தான் வந்துது, இவளுக்காக இல்ல. அதை மறைச்சுப் பழியை இவ மேல போட்டேன். இந்த மலை மேல ஏத்திட்டு வந்தது இவ. வந்து சேர்ந்தது நான்."

அதற்கு எழுந்த கைதட்டல் என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. இந்த முறை தாராளமாகக் கையாட்டினேன், எனக்கு வெட்கமே இல்லை. கண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை. அண்ணன் மைக்கை என் கையில் வைத்தார்.

"அடுத்த வருஷமும் இவர்தான் முன் சீட்டு," என்றேன். "கூட்டத்துல அண்ணி எங்க நின்னாலும் சரி, அவங்க கவலைப்பட வேண்டாம். பத்திரமா ஏத்திக் கொண்டுவந்து சேர்த்துடறேன்."